ஹாலே நகரும் நம் தமிழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஹவுராவில் பிறந்து, ஹவுராவிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் ஒரு குளிர்காலப் பருவம் பயின்று திரும்பியிருக்கும் எங்கள் இருவரையும் இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஐரோப்பாவில் கண்டவற்றைச் சொல்ல வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. கண்டவை மிகுதி. அனைத்தையும் சொல்லப் புகுந்தால் அடுத்து வரவிருக்கும் சிறுமியரின் கோலாட்டம் நின்றுபோகும். அப்பழியை ஏற்க நாங்கள் ஒருப்படவில்லை. ஆதலின் ஒரே ஒரு நகரைப் பற்றி மட்டும் பேசுகின்றோம். அதுவும் நாங்கள் தங்கியிருந்த நகரன்று. காலையிற் சென்று மாலையில் திரும்பிய பக்கத்து நகர். அதன் பெயர் ஹாலே. இவ்வுரையைப் படிப்பவர் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் ஒருவர், எழுதியவர் இருவரும்.

லைப்சிகிலிருந்து ஹாலே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நம் ஹவுரா நிலையத்திலிருந்து சந்தன்நகர் எவ்வளவு தொலைவோ, கிட்டத்தட்ட அவ்வளவே. புறநகர் ரயிலில் ஏறி அமர்ந்தால் 40 நிமிடங்களில் இறங்கிவிடலாம். நம் பேண்டல் லோக்கலில் இருப்பது போன்ற நெரிசல் அங்கு இல்லை. முறுக்கு விற்பவரோ முரி விற்பவரோ ஏறுவதும் இல்லை. அதனால் அந்தப் பயணம் முதலில் எங்களுக்குச் சற்றுச் சப்பென்றே இருந்தது.

முதன்முறை நாங்கள் அங்கே சென்றதற்குத் தமிழ் காரணமன்று, பயணச்சீட்டே காரணம். பல்கலைக்கழகம் மாணவர்க்குத் தரும் சீட்டு அவ்வட்டாரம் முழுவதும் செல்லும், தனிச்செலவு இல்லை. செலவில்லாத ஊருக்கு மாணவர் செல்லாதிருப்பரோ? ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

ஹாலே, சாலே என்னும் ஆற்றின் கரையில் உள்ளது. அந்நகர் உப்பினால் வாழ்ந்த நகர். நம் தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் கடல்நீரைப் பாத்தியிற் கட்டினால் கதிரவனே உப்பாக்கித் தந்துவிடுகின்றான். அந்நாட்டுக்குக் கடலும் தொலைவு, வெயிலும் தொலைவு. நிலத்தடியில் ஊறும் உவர்நீரை இறைத்து, பெருங்கொப்பரைகளில் ஊற்றி, விறகிட்டுக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அத்தொழில் செய்தோர் ஹல்லோரர் என்னும் தனிக்கூட்டத்தார். அவர்களுக்கென்று தனி உடையும் தனி வழக்கங்களும் உண்டு. நகரின் சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. நான்கு கோபுரங்கள் அன்னை மரியின் பெயர் கொண்ட தேவாலயத்துக்கு உரியவை. ஐந்தாவதாகிய செங்கோபுரம் தனித்து நிற்பது. சதுக்கத்தின் நடுவே இசைமேதை ஹாண்டெலின் சிலை உள்ளது. 1685-இல் அவர் பிறந்த ஊர் அது. 1859-இல் நிறுவிய அச்சிலையின் கீழ் நின்று எல்லாரையும் போல நாங்களும் படம் எடுத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு உண்டு, மாலை வண்டியில் திரும்பிவிட்டோம். அத்துடன் நின்றிருந்தால் இன்று உங்கள்முன் பேச ஒன்றும் இருந்திராது.

இரண்டாம் முறை சென்றபோது மழை. மழைக்கு ஒதுங்க ஓரிடம் தேடிப் பிராங்கே அறநிலையங்கள் என்னும் பெரிய கட்டடத் தொகுதிக்குள் நுழைந்தோம். 1695-ஆம் ஆண்டில் ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்னும் பாதிரியார் ஏழைக் குழந்தைகளுக்காக அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1698-இல் அனாதைப் பிள்ளைகளுக்கான பெருமனைக்கு அடிக்கல் நாட்டினார். பின்னர்ப் பள்ளிகள், மருந்தகம், அச்சகம், நூலகம் என்று அது ஒரு சிற்றூர் அளவுக்கு வளர்ந்தது. மரச்சட்டங்களிடையே சுவர் எழுப்பிய நெடுமனை ஒன்று அங்கே உள்ளது. நூறு மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அதனை ஒரு முனையிலிருந்து பார்த்தபோது எங்களுக்கு ரயில்வே குடியிருப்பின் வரிசை வீடுகளே நினைவுக்கு வந்தன. கிழக்கு ஜெர்மனி அரசின் காலத்தில் இக்கட்டடங்கள் பேணுவாரின்றிச் சிதைந்தன. முகப்புக்கு எதிரே மேம்பாலச் சாலையும் எழுந்துவிட்டது. 1990-க்குப் பின்னரே ஒவ்வொன்றாய்ப் பழுதுபார்த்து மீட்டிருக்கின்றார்கள்.

பெருமனையின் மேல்மாடத்தில், கூரைக்கு அடியில், ஒரு பழைய காட்சிக்கூடம் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் மாணவர்க்கு உலகைக் காட்டுவதற்காகத் தொகுத்த பொருள்களை, அக்காலத்து நிலைப்பேழைகளிலேயே இன்றும் வைத்திருக்கின்றார்கள். கூரையிலிருந்து ஒரு முதலையின் உடல் தொங்குகின்றது. சங்குகளும் பாம்புகளும் கனிமங்களும் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றிடையே எழுத்தாணியால் கீறிய பனையோலைகளும் உள்ளன. பக்கத்திலிருந்த குறிப்பில் ஜெர்மானிய எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர். எங்களுள் ஒருவர் அதை இருமுறை உரக்கப் படித்தார். தரங்கம்பாடி!

அவ்வாறு உரக்கப் படித்தவருடைய பாட்டனாரின் ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக்கும் பொறையாற்றுக்கும் இடையே நடந்தே போய்வரலாம். பொறையாற்றிலிருந்து ரயில்வே வேலை தேடி வங்காளம் வந்து, இங்கேயே குடியும் குடித்தனமுமாய் நிலைத்தவர் அப்பாட்டனார். பேரப்பிள்ளை அந்த ஊரைக் கண்டதில்லை. காணாத சொந்த ஊரின் பெயரைக் கண்காணாத நாட்டின் கூரையடியில் படிக்க நேர்ந்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. மழை நின்ற பிறகும் நாங்கள் வெளியே வரவில்லை.

பெரியோர்கள் பலரும் அறிந்த வரலாறேயாயினும், இளையோர் பொருட்டு இதனைச் சற்று விரித்துச் சொல்ல இசைவு தரவேண்டும். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620-இல் டென்மார்க் நாட்டார் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். வாணிகத்துக்காக வந்த அவ்விடத்துக்கு, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் சமயப் பணிக்கென்று இரு ஜெர்மானிய இளைஞரை அனுப்பினார். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. அவர்கள் வந்திறங்கியது 1706 ஜூலை 9. சீகன்பால்குக்கு அப்போது 23 வயது, ஹாலேயிற் பயின்றவர், உடல் வலிமை இல்லாதவர். தமிழ்க் கணக்காயர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துக் கற்றார். பிறகு ஓலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-இல் அவர் எழுதி முடித்த நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் உள்ளன. திருக்குறளும் தொல்காப்பியமும் அவற்றுள் அடங்கும். தமிழகத்தின் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் நடந்ததற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் இது நிகழ்ந்தது.

அச்சின் கதை இதனினும் சுவையானது. தமிழை முதன்முதல் அச்சேற்றியவர்கள் தரங்கம்பாடியார் என்று சிலர் சொல்வதுண்டு, அது பொருந்தாது. 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. ஆயினும் இடையில் அறுந்த தொடர்ச்சியை மீண்டும் பற்றி, நிலையாக நடத்தியது தரங்கம்பாடி அச்சகமே. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது. எழுத்துகள் ஹாலேயிலிருந்து வந்தன. தமிழை அறியாத கைவினைஞர், தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரி எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, உலோகத்தில் அவற்றை வெட்டினார்கள். 'ஐ'யின் வளைவும் 'ஞ'வின் சுழியும் அவர்கள் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்குமோ! 1713-இல் அவை கப்பலேறி வந்து சேர்ந்தபோது ஒரு தொல்லை. எழுத்துகள் மிகப் பெரியவை, தாளோ அரிது. அவ்வெழுத்தில் அச்சிட்டால் நூல் பருத்துவிடும், தாள் தீர்ந்துவிடும். ஆட்லர் என்னும் அச்செழுத்துத் தச்சர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவெய்தியது. அதை அடுத்துப் பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் எழுந்தது. இதைப் படித்ததும் எங்களுள் ஒருவர்க்குத் தலைநிமிர்வு வந்துவிட்டது. அன்று மாலை ரயிலில் 'எங்கள் ஊர் ஆலை' என்று அவர் சொல்லிக்கொண்டே வந்ததை மற்றவர் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் பயணத்துக்கு நாங்கள் ஆயத்தமாகவே சென்றோம். முன்பதிவு செய்துகொண்டு ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில் அமர்ந்தோம். தரங்கம்பாடியிலிருந்து அந்நாட்களில் வந்த கடிதங்களும் குறிப்பேடுகளும் ஓலைச்சுவடிகளும் அங்கே பாதுகாப்பாக உள்ளன. பேசுதல் கூடாது, மை கூடாது, கரிக்கோல் மட்டுமே கொண்டு எழுதலாம் என்பவை அவ்வறையின் விதிகள்.

இவ்விடத்தில் எங்கள் நிலையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இருவரும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தோம். ஆயின் பள்ளியில் கற்றவை ஆங்கிலமும் வங்காளியும் இந்தியும். எங்களுள் ஒருவர்க்குத் தாயார் அடுக்களையில் அமர்த்தி எழுத்துக் கற்பித்திருந்தார்; வார இதழ் படிக்கும் அளவுக்கு அவர்க்குத் தமிழ் வரும். பொறையாற்றுப் பேரப்பிள்ளைக்கோ ஓரெழுத்தும் தெரியாது. இது குறையென்று அவர் வீட்டில் எவரும் எண்ணியதுமில்லை. நம் குடியிருப்பில் இன்று இருபது வயதுக்குட்பட்டோரில் பாதிப்பேர் நிலை அதுவே என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோர் அறிவர்.

அன்று படிப்பறையில் எங்களுக்கு எதிரே ஒரு ஜெர்மானிய ஆய்வு மாணவி ஒரு சுவடியை வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தவுடன் அவர்க்கு மகிழ்ச்சி. தமிழர் இருவர் வந்திருக்கின்றனர், ஐயம் தீர்ப்பர் என்று எண்ணியிருப்பார். இடைவேளையில் தாழ்வாரத்துக்கு வந்து, தாம் கைப்பட எழுதிவைத்திருந்த படியை நீட்டினார். எழுத்தறிந்தவர் அதனை வாங்கிப் பார்த்தார். ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. 'எ'யும் 'ஏ'யும் ஒன்றே போல் இருக்கும். வார இதழ்ப் பயிற்சி அங்கே செல்லவில்லை. நாலெழுத்துப் படித்து நின்றுவிட்டார். அம்மாணவியே மெல்லத் தலையிட்டு, எங்கே புள்ளி வரும், எங்கே சொல் முடியும் என்று பிரித்துப் பிரித்துப் படித்தார். அது ஒரு மருத்துவச் சுவடி. அவர் நாவில் 'சுக்கு' என்ற சொல் வந்தது. பிறகு 'திப்பிலி' வந்தது.

அதுவரை சுவரோரமாய் நின்றிருந்த எழுத்தறியாதவர் சட்டென்று முன்வந்தார். பாட்டி காய்ச்சும் கஷாயத்தை அவர் விளக்கத் தொடங்கினார். சுக்கை நசுக்குவது எப்படி, திப்பிலியை வாணலியில் வாட்டுவது எப்படி, எது முதலில் கொதிக்க வேண்டும், குடித்தபின் நெஞ்சில் எவ்வாறு இறங்கும் என்று கால்மணி நேரம் சொன்னார். மாணவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஐந்தாண்டுகளாய் அச்சொல்லைப் படித்துவந்தவர், திப்பிலியை வாயிலிட்டறியாதவர்! ஒருவர்க்குக் கண் தெரிந்த தமிழ். மற்றவர்க்கு நா தெரிந்த தமிழ். இறுதியில் அவர் மிக்க மரியாதையுடன் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவும் அறிந்த உங்கள் வீட்டில் இதனை எழுதி வைப்பவர் யார்?" விடை சொல்ல எங்களுக்கு நேரம் பிடித்தது. எழுதி வைப்பவர் எவருமில்லை.

அன்று மாலை வண்டியில் எழுத்து வகுப்பு தொடங்கியது. குளிர்காலம்; பெட்டிக்குள் வெப்பம், வெளியே பனி; கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருக்கும். அந்தக் கண்ணாடியே எங்கள் மணற்பரப்பு ஆயிற்று. ஒருவர் விரலால் 'அ' எழுத, மற்றவர் கீழே அதனை எழுதுவார். ஹாலேயில் ஏறும்போது தொடங்கினால் லைப்சிகில் இறங்குவதற்குள் மூன்று எழுத்துகள் முடியும். எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் ஒருநாள் 'ழ'வைப் பார்த்து, இது படமா எழுத்தா என்று வினவினார். எழுத்துத்தான் என்றோம். அவரும் தம் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு முறை எழுதிப் பார்த்தார். அது 'மு' போல வந்தது. அப்பருவம் முடிவதற்குள் நாங்கள் ஒன்பது முறை ஹாலே சென்றுவந்தோம். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அந்த வண்டிப் பயணங்களில் கற்றவை.

அப்பயணங்களில் எங்கள் நெஞ்சை விட்டகலாதவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மலையப்பன். பீட்டர் மலையப்பன் என்று ஆவணங்கள் சொல்லும். 1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது, தமிழ்ப் பேச்சுப் பழக்கம் விட்டுப்போகாதிருக்க இத்தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். 1715-இல் மலையப்பன் ஹாலேயில் இருந்தார். சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் அங்கே அனாதை மனையின் அச்சகத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இருவரும் தரங்கம்பாடி திரும்பிவிட்டனர். அக்காலத்தில் அந்நாட்டில் கால்வைத்த தமிழர் மிகச் சிலரே. அவர்களுள் முன்னவர் அவர். பரிமாற்ற மாணவர் என்று இந்நாளில் எங்களைச் சொல்கின்றார்களே, மூன்று நூற்றாண்டுக்கு முன்னே அப்பெயர்க்கு உரியவர் அவர் என்பது எங்கள் துணிபு. எங்களுக்கு விமானச்சீட்டும் உதவித்தொகையும் வாய்த்தன; வீட்டோடு நாள்தோறும் முகம்பார்த்துப் பேசினோம். அவர்க்கோ மாதக்கணக்கில் கடல். போன இடத்தில் தம் மொழி பேச உடன்வந்த ஒருவரைத் தவிர வேறெவரும் இல்லை. ஐரோப்பியர் நம்மைப் பற்றி எழுதியவை அடுக்கடுக்காய் உள்ளன. மலையப்பன் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பதையன்றோ நாங்கள் படிக்க விரும்பினோம்!

தமிழர் எழுதிய சொல் அங்கு அறவே இல்லை என்பதற்கில்லை. 1712 முதல் 1714 வரை பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய விடைக் கடிதங்கள் 99, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் அச்சாயின. நம் வழிபாடு, பள்ளிக்கூடம், மருத்துவம், பழக்க வழக்கங்கள் என்று கேட்ட அனைத்துக்கும் விடை உண்டு. தாங்கள் ஏன் மதம் மாற விரும்பவில்லை என்பதையும் அஞ்சாமல் எழுதியிருக்கின்றனர். நமக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பே.

இவ்வளவு சொன்னதால், அப்பாதிரிமார் தமிழ்த்தொண்டுக்கென்றே வந்தனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அவர்கள் வந்தது தங்கள் சமயத்தைப் பரப்ப. சீகன்பால்கு 1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்று எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதனை அச்சிட ஒப்பவில்லை. இந்தியாவின் சமயத்தை ஒழிக்க அனுப்பியவர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. ஒழிக்க வந்த பொருளையே ஊன்றிக் கற்று, அதன்மேல் மதிப்புக் கொண்டு, மேலிடத்தின் சினத்துக்கும் ஆளாகி, 1719-இல் 36 வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார் அவர். அவரைப் புகழ்வதா இகழ்வதா என்று எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வண்டியில் அதுபற்றி வாதிட்டதால் இரண்டொரு நாள் எழுத்து வகுப்பும் நின்றது.

ஹாலேயின் தொடர்பு அவரோடு முடியவில்லை. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றி ஹாலே திரும்பிய சுல்ட்சே அங்கே தமிழ் கற்பித்தார். அவரிடம் ஹாலேயிலேயே தமிழ் கற்ற சுவார்ட்சு 1750-இல் தரங்கம்பாடி வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து, சரபோசி மன்னரின் ஆசிரியராய் விளங்கினார். நாங்கள் படித்த லைப்சிகிலேயே கிரவுல் என்பவர் பெயர்த்த குறளின் ஜெர்மன் பதிப்பு 1856-இல் வெளிவந்தது.

இனி, வங்காளத்துக்கு வருவோம். இவையெல்லாம் தஞ்சைச் சீமையின் கதை, ஹவுராவுக்கு இதில் என்ன என்று கேட்போர் இருக்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஹாலேயில் பயிற்சி பெற்ற கீர்னாண்டர் என்னும் சுவீடன் நாட்டவர் 1740-இல் கடலூர் வந்தார். 1758-இல் கடலூரைப் பிரெஞ்சுக்காரர் பற்றிய பிறகு கல்கத்தா வந்துசேர்ந்தார். 1770-இல் அவர் கட்டிய தேவாலயம் ஆற்றுக்கு அக்கரையில் மிஷன் ரோவில் இன்றும் நிற்கின்றது. லால் கிர்ஜா என்று வங்காளியர் சொல்லும் அக்கட்டடத்தைக் கடந்து அலுவலகம் செல்பவர்கள் நம்மிலேயே பலர் உளர். கடலூரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து நிலைத்தவர் என்ற வகையில் அவரும் நம் போன்ற ஒருவரே.

மற்றொன்று ஸ்ரீராம்பூர். தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க் நாட்டார் 1755-இல் அங்கிருந்து ஆளனுப்பித் தொடங்கிய குடியிருப்பு அது. 1845-இல் தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் ஒரே உடன்படிக்கையில் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். ஒரே பத்திரத்தில் கைமாறிய இரு ஊர்களுள் ஒன்றில் நம் முன்னோர் பிறந்தனர். மற்றொன்றைத் தாண்டி நாம் நாள்தோறும் ரயிலிற் செல்கின்றோம். கேரியும் அவர் தோழரும் 1800-இல் அங்கே நிறுவிய அச்சகத்தில் இந்திய மொழிகள் பலவும் அச்சாயின. தமிழும் அவற்றுள் ஒன்று. 1818-இல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. டென்மார்க்கார் காலத்து ஓலாவ் தேவாலயத்தை அண்மைக் காலத்தில் செம்மையாகப் புதுக்கியிருக்கின்றார்கள். ஹாலேக்கு ஒன்பது முறை சென்ற நாங்கள், வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்திலுள்ள ஸ்ரீராம்பூரில் அதுவரை இறங்கியதில்லை.

நம் சிப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கும் இக்கதையில் ஓர் இழை உண்டு. அதன் கண்காணிப்பாளராய் 1793-இல் பொறுப்பேற்ற ராக்ஸ்பர்க், தரங்கம்பாடியில் மருத்துவராயிருந்த கோனிக் என்பவரிடம் நம் நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி அறிந்துகொண்டவர். அதனை விரித்தால் கோலாட்டம் தள்ளிப்போகும்.

நாடு திரும்பிய மறுநாள் ஒன்று நிகழ்ந்தது. பொறையாற்றுப் பாட்டனாரின் தகரப்பெட்டி ஒன்று பரண்மேல் கிடந்தது. அதில் கடிதக்கட்டு இருப்பது வீட்டார்க்குத் தெரியும். பாட்டனார் மறைந்தபின் அவற்றைப் படிக்க வல்லார் அவ்வீட்டில் இல்லை. தந்தையார் இங்கே இந்திப் பள்ளியிற் படித்தவர். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. அக்கட்டை இறக்கி, நடுக்கூடத்தில் அமர்ந்து, பேரப்பிள்ளை முதற் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு பக்கம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாட்டனாரின் தாயார் யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் அது. நெல் என்ன விலை விற்கின்றது, காவிரியில் தண்ணீர் எப்போது வந்தது, பசு ஈன்றது, சிறிய தங்கைக்கு வரன் பார்க்கின்றார்கள், பொங்கலுக்கு வர விடுப்புக் கிடைக்குமா, வங்காளத்தில் மீன் நாற்றத்தில் எப்படிச் சோறு இறங்குகின்றது என்று வரிசையாகக் கேள்விகள். தாயார் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பாட்டி, தம் மாமியார் எதிரே இருப்பது போல, விடை சொல்லிக்கொண்டே வந்தார். தங்கைக்கு எந்த ஊரில் வரன் அமைந்தது, அவர்க்கு எத்தனை மக்கள் என்பதெல்லாம் அன்றுதான் வீட்டார்க்குத் தெரிந்தது. கட்டில் இன்னும் நாற்பதுக்கு மேல் உள்ளன. வாரம் ஒன்றாகப் படித்து வருகின்றோம். பாட்டி சொல்லும் விடைகளை மற்றவர் குறிப்பேட்டில் எழுதுகின்றார்.

இங்கிருப்போர் வீடுகளிலும் இத்தகைய கட்டுகள் இருக்கும். சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் சென்ற ஆண்டு பதினோரு பிள்ளைகள் சேர்ந்தனர். இவ்வாண்டு ஐவரே என்று செயலாளர் அறிக்கையிற் கேட்டோம். தேர்வும் தனிப்பயிற்சியும் ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடுகின்றன என்று பெற்றோர் சொல்வதில் உண்மை உண்டு. நாங்களும் அப்பயிற்சிகளில் அமர்ந்தே வளர்ந்தவர்கள். ஆதலின் வகுப்புக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அமர எங்களுக்கு மனமில்லை. எங்களால் இயன்ற ஒன்றைச் சொல்கின்றோம்.

வரும் தைத்திங்கள் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழரை மணிக்கு, ஹவுரா நிலையத்தின் பெரிய கடிகாரத்தின் கீழ் நாங்கள் இருவரும் நிற்போம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்புங்கள். பெரியோர்கள் வந்தால் இன்னும் நன்று. லோக்கலில் ஸ்ரீராம்பூர் செல்வோம்; கல்லூரியையும் ஓலாவ் தேவாலயத்தையும் ஆற்றங்கரையையும் காண்போம்; மதியத்துக்குள் வீடு திரும்புவோம். இங்கே கண்ணாடியில் ஆவி படியாது. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவர வேண்டும். போகும்போது மூன்று எழுத்து, வரும்போது மூன்று எழுத்து. வீட்டில் பழைய கடிதமிருந்தால் அதனையும் உறையிலிட்டு எடுத்து வாருங்கள், படித்துத் தருகின்றோம். தின்பண்டம் பற்றிய கவலை வேண்டா, வண்டியில் முரி கிடைக்கும். வர விரும்புவோர் இன்று உணவுக்குச் செல்லுமுன் செயலாளரிடம் பெயர் தருக.